ஒரு மூட்டை கார்னெட் எத்தனை சுற்று உழைக்கும்?

வீட்டில் சாண்ட் பிளாஸ்டிங் (அழுத்தக் காற்றில் கடினமான மணிகளை வீசித் துருவையும் பெயிண்டையும் எடுப்பது) செய்யப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது கம்ப்ரஸர் விலையை. அது ஒருமுறைச் செலவு. மாதாமாதம் கையைக் கடிப்பது அடிக்கும் கன்னுக்குள் போகிற கிரிட், அதாவது அந்த மணிகள்தான். கார்னெட் என்ற சிவப்புக் கல்மணி அதில் ஒரு வகை. மூட்டை விலையைப் பார்த்து மலிவானதை வாங்குவார்கள். ஒரே வேலையில் பாதி தூளாகிப் பறந்துபோகும், மறுபடி கடைக்குப் போவார்கள். எந்தக் கிரிட்டை வாங்குவது, அதைச் சலித்துச் சலித்து எத்தனை சுற்று ஓட்டுவது, எப்போது கைகழுவுவது என்பதுதான் இந்தப் பதிவு.

எடுத்துக்கொண்ட வேலை, காலால் மிதிக்கும் பழைய தையல் மெஷினின் வார்ப்பிரும்பு ஸ்டாண்ட். பூவேலைப்பாடு முழுக்கத் துரு. மூலைமுடுக்குகளில் எமரித் தாளும் நுழையாது, கம்பி பிரஷும் நுழையாது. பிளாஸ்டிங்குக்கென்றே வார்த்தது போன்ற பொருள். தடித்த வார்ப்பு என்பதால் தகடு நெளியும் என்ற பயமும் இல்லை.

சாதனம்: 3 ஹெச்பி, இரண்டு சிலிண்டர், பெல்ட் வைத்த கம்ப்ரஸர். இதில் ஹெச்பிக்கு 3 முதல் 3.5 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்றுதான் உண்மையில் கிடைக்கும். பெயர்ப்பலகையில் இருக்கும் பெரிய எண் பிஸ்டன் அடிக்கும் கொள்ளளவு, கன் வரை வந்து சேரும் காற்றின் அளவு அல்ல. அதனால் உறிஞ்சும் வகை கன்னில் காற்று நுழைய 2 மி.மீ. ஏர் ஜெட், கிரிட் வெளியே பாய 5 மி.மீ. செராமிக் நாஸில். 80 பிஎஸ்ஐயில் 2 மி.மீ. ஜெட் சுமார் 8 சிஎஃப்எம் குடிக்கும், இந்தக் கம்ப்ரஸர் ஈடுகொடுக்கும். 3 மி.மீ. ஜெட் போட்டால் அரை நிமிடத்தில் அழுத்தம் விழுந்துவிடும். அப்போது கிரிட் மோசம் என்று தோன்றும், பழி உண்மையில் ஜெட்டின் மேல். பிளைவுட்டில் அடித்த 90 செ.மீ. அகலப் பெட்டி, பக்கத்தில் வாக்குவம் கிளீனர்.

மணல் வேண்டாம்

பெயரில்தான் சாண்ட். ஆற்றுமணல், எம்-சாண்ட் எதையும் கன்னுக்குள் போடக்கூடாது. மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிகா. எம்-சாண்ட் உடைக்கப்படும் கருங்கல்லிலும் குவார்ட்ஸ் உண்டு. தகட்டில் மோதிய கணமே அது கண்ணுக்குத் தெரியாத தூளாகும். அந்தத் தூள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். அதனால் வரும் சிலிகோசிஸுக்கு மருந்தே இல்லை. வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணல் வைத்து அடிப்பதை பிரிட்டன் 1949 விதிகளிலேயே நிறுத்தியது. ஜீன்ஸ் துணியை வெளுக்க மணல் அடித்த தொழிலாளர்கள் இதே நோயில் விழுந்த பிறகு துருக்கி 2009-இல் அந்த முறைக்குத் தடை போட்டது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பது ஒரு பாதுகாப்பும் அல்ல. சிக்கனம் என்று பார்த்தாலும் மணல் தோற்கும். ஒரே அடியில் தூளாவதைத் திரும்ப அள்ள முடியாது.

சிவப்பாக இருப்பதெல்லாம் கார்னெட் என்ற எண்ணமும் தென்மாவட்டங்களில் உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரி மணல் செக்கச்செவேல் என்றுதான் இருக்கும். ஆனால் அது இரும்பு ஆக்ஸைடு பூசிய குவார்ட்ஸ். கடற்கரைத் தாது மணலில் கார்னெட் உண்மையாகவே உண்டு, கூடவே இல்மனைட், குவார்ட்ஸ், உப்பு, தோரியம் உள்ள மோனசைட் எல்லாம் உண்டு. அந்த மணலை அள்ள 2013-இல் தமிழ்நாடு அரசு தடை போட்டது. சாக்கில் கட்டி, பில் இல்லாமல் யாராவது கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள். பிளாஸ்டிங் பொருள் விற்கும் கடையில் மெஷ் எண் (சல்லடையில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண் என்ற அளவு) அச்சிட்ட மூட்டையாக, சிலிகா 1 சதவீதத்துக்கும் கீழே என்ற சான்றோடு வாங்குவதுதான் சரி.

எது மலிவு?

கார்னெட் என்பது நவரத்தினத்தில் வரும் கோமேதகத்தின் குடும்பம். பிளாஸ்டிங்குக்கு வருவது அல்மண்டைன் என்ற வகை. கடினம் மோஸ் அளவில் 7 முதல் 7.5, அடர்த்தி தண்ணீரைப் போல் நான்கு மடங்கு. இந்த எடைதான் இதன் பலம். சிறு மணியாக இருந்தாலும் அடி பலமாக விழும், தூசு சீக்கிரம் படியும். உடைந்தாலும் கண்ணாடிச் சில்லு போலக் கூர்மையாக உடையும், ஆகவே அடுத்த சுற்றிலும் வெட்டும். கடற்கரையிலிருந்து வந்த கார்னெட் அலையில் உருண்டு முனை மழுங்கி இருப்பதால், முதல் சுற்றில் உடைந்த பிறகு அதற்குப் புது முனையே கிடைக்கும்.

அலுமினியம் ஆக்ஸைடு இன்னும் கடினம், மோஸ் 9. பெட்டிக்குள் கார்னெட்டைப் போல இரண்டு மடங்கு சுற்று தாங்கும். ஆனால் விலை அதிகம், செராமிக் நாஸிலைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். கண்ணாடி மணி துருவை வெட்டாது, மேற்பரப்பைத் தட்டிப் பளபளப்பாக்கும். கார்புரேட்டர், அலுமினிய எஞ்சின் கவர் போன்றவற்றுக்கு அது அருமை. பெயிண்ட் பிடிக்க வேண்டிய இரும்புக்கு உதவாது. காப்பர் ஸ்லாக் (செம்பு உருக்கும்போது மிஞ்சும் கசடு) விலையில் மலிவு, வேகமாகவும் வெட்டும், ஆனால் ஒரு சுற்றோடு முடிந்துவிடும். திறந்தவெளியில் பெரிய கேட் அடிக்க அது போதும். ஸ்டீல் கிரிட்டைச் சிறிய உறிஞ்சும் கன் தூக்கவே தூக்காது. போதாக்குறைக்கு, நம் ஊர் ஈரத்தில் டப்பாவிலேயே துருப்பிடித்துக் கட்டியாகிவிடும்.

இப்போது கணக்கு. நான்கு முறை பயன்படும் கிரிட்டின் விலையை நான்கால் வகுத்தால் போதும் என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு தூளாகிறது. சுற்றுக்கு 20 சதவீதம் இழப்பு என்றால் ஒரு கிலோ அடுத்தடுத்த சுற்றுகளில் 800, 640, 510 கிராம் என்று இறங்கும். நான்கு சுற்றில் அது மொத்தம் அடித்த எடை 2.95 கிலோ. இழப்பு 30 சதவீதமானால் அதே நான்கு சுற்றில் 2.53 கிலோதான். உதாரணத்துக்கு ஸ்லாக் கிலோ 10 ரூபாய், கார்னெட் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீத இழப்பில், அடித்த கிலோவுக்குக் கார்னெட் விலை 10 ரூபாய் 17 காசு. அதாவது கிட்டத்தட்ட சமம். 30 சதவீதத்தில் 11 ரூபாய் 86 காசு, ஸ்லாக்கே மலிவு! மறுபயன்பாடு லாபமா நட்டமா என்பது அந்த இழப்பு சதவீதத்தில்தான் தொங்குகிறது. அந்த எண்ணைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. தரையில் சிந்துவதும் இழப்புக் கணக்கில்தான் சேரும், பெட்டியின் கதவு ஓரத்துக்கு ரப்பர் பீடிங் ஒட்டாதவர்கள் இந்தக் கணக்கே போட வேண்டாம்.

மெஷ் விஷயத்தில் பெரிய மணி என்றால் நல்ல அடி என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். மணியின் விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒன்றாகும், அதே கிலோவில் மணிகளின் எண்ணிக்கை எட்டு மடங்காகும். தடித்த பெயிண்டைப் பெயர்க்கப் பெரிய மணி வேண்டும். குழி குழியாக அரித்த துருவுக்குச் சிறிய மணிதான் குழிக்குள் போகும். இந்த ஸ்டாண்டுக்கு 30/60 மெஷ், அதாவது 600 முதல் 250 மைக்ரான். 5 மி.மீ. நாஸிலில் இது தடையில்லாமல் ஓடும். 20/40 போட்டால் சிறிய கம்ப்ரஸரில் உறிஞ்சலே திணறும்.

அடிப்பதற்கு முன்

கிரிட்டின் ஆயுளைப் பாதிக்குப் பாதி தீர்மானிப்பது கழுவும் வேலை. தையல் மெஷின் ஸ்டாண்டில் பல வருட எண்ணெய் ஊறியிருக்கும். அதோடு அடித்தால் எண்ணெய் கிரிட்டில் ஒட்டி, கிரிட் அதை அடுத்த பொருளிலும் பூசும். டீசலில் துடைத்து, சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் பிரஷ் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். பழைய பெயிண்டைப் பெயிண்ட் ரிமூவர் தடவி எடுத்துவிடுவது நல்லது. அதற்கு இரண்டு காரணம். பெயிண்ட் செதில் கிரிட்டில் கலக்காது. தவிர, வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற இந்திய விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்ட் எதையும் ஈயம் உள்ளதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட பெயிண்டை அடித்த கிரிட்டை மறுபடி சலிக்கக்கூடாது, மூட்டை கட்டி ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

மிதிபலகை, சக்கரம், பெல்ட், பித்தளைப் பெயர்த்தகடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். மிதிபலகை ஆடும் கூம்பு முனை ஸ்க்ரூவின் மரைக்குள் பழைய போல்ட் ஒன்றைத் திருகி வையுங்கள். சக்கரத்தின் நடுத்துளைக்கு ரப்பர் கார்க். மரைக்குள் கிரிட் போனால் அரத்தால் தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

லைன் காற்றில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க, கிரிட் போடாமல் வெறும் காற்றை ஒரு வெள்ளைத் தாளில் அரை நிமிடம் ஊதிப் பாருங்கள். ஈரப்புள்ளியோ எண்ணெய்ப்புள்ளியோ தெரிந்தால் அன்றைக்கு வேலையைத் தொடங்க வேண்டாம். டேங்கின் அடி வால்வைத் திறந்து வடித்து, டேங்குக்கும் வாட்டர் செபரேட்டருக்கும் நடுவே சில மீட்டர் ஜிஐ பைப்பைப் போட்டுக் காற்றை ஆறவிடுங்கள். சூடான காற்றில் ஆவியாக இருக்கும் தண்ணீரை எந்தச் செபரேட்டரும் பிடிக்காது. ஐப்பசி கார்த்திகை மழையில் கடலோர ஊர்களில் பேசாமல் வேறு வேலை பார்க்கலாம்.

அடிக்கும்போது

10 கிலோ கிரிட்டை எடைபோட்டு எடுத்து, பெட்டியில் கொட்டுங்கள். உறிஞ்சு குழாயை முழுக்கப் புதைத்தால் இழுக்காது. குழாயின் பக்கவாட்டில், கிரிட் மட்டத்துக்கு மேலே, 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் காற்றும் கிரிட்டும் கலந்து சீராக வரும். துளை பெரிதாகிவிட்டால் வெறும் காற்றுதான் வரும், டேப் சுற்றிப் பாதியை மூடுங்கள்.

கழுவிய வார்ப்பிரும்புத் துருவுக்கு 60 முதல் 70 பிஎஸ்ஐ தாராளம். 90-இல் வைத்தால் வேகம் கொஞ்சம் கூடும், மணிகள் உடைவது அதைவிட அதிகமாகக் கூடும். 15 முதல் 20 செ.மீ. தூரம், 45 முதல் 60 டிகிரி சாய்வு. நேர்ச் செங்குத்தாக அடித்தால் மணிக்கு அதிகபட்ச அடி விழுந்து உடையும். திரும்பி வரும் மணிகளும் வருகிற மணிகளும் ஒன்றோடொன்று மோதி இன்னும் உடையும். இழப்பு 30-ஆ 20-ஆ என்பது பெரும்பாலும் இந்த இரண்டில்தான், அழுத்தத்திலும் சாய்விலும்.

வாக்குவம் கிளீனர் பலமாக இழுத்தால் நல்ல மணியையும் சேர்த்து உறிஞ்சும். வாக்குவம் பையில் இருப்பதை இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். முகப்பவுடர் போல இருந்தால் சரி, நறநறவென்றால் இழுப்பு அதிகம். பெட்டிக்கும் வாக்குவத்துக்கும் நடுவே மூடிய வாளி ஒன்றை வைத்து, உள்ளே ஒரு தடுப்புத் தகடு மாட்டினால் எடையான மணி அங்கேயே விழுந்துவிடும். பெட்டிக்குள் காற்று வர எதிர்ப்பக்கம் ஒரு துளையும் வேண்டும், இல்லையென்றால் கையுறை இரண்டும் உள்ளே உப்பிக்கொண்டு நிற்கும். பெட்டி பிளைவுட் என்பதால் கன்னிலிருந்தும், அடிக்கும் பொருளிலிருந்தும் எர்த் வயர் இழுத்துவிடுங்கள். மறந்தால் சுருக் சுருக்கென்று ஷாக் அடிக்கும்.

சலித்தல்

இரண்டு சல்லடை போதும்: மேலே 20 மெஷ், கீழே 80 மெஷ். எஸ்எஸ் வலை மீட்டர் கணக்கில் கிடைக்கும். 10 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டின் அடியை அறுத்து, வலையை இடையில் வைத்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் சல்லடை தயார். கடைக்காரர் சொல்லும் மெஷ் எண்ணை நம்ப வேண்டாம். வலைமேல் ஸ்கேலை வைத்துப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கி, ஒரு அங்குலத்தில் எத்தனை கண் என்று எண்ணிவிடலாம். அடுக்களை மாவுச் சல்லடையிலும் இப்படி எண்ணிப் பாருங்கள், சில நேரம் நமக்குத் தேவையான மெஷ்ஷே கையில் கிடைக்கும். ஆனால் அது மறுபடி அடுக்களைக்குப் போகக்கூடாது.

சலிக்கும்போது நுண்தூசைத் தடுக்கும் பி100 ஃபில்டர் வைத்த அரை முகக் கவசம் கட்டாயம். முறத்தில் போட்டுப் புடைப்பதும் காற்றில் தூற்றுவதும் நெல்லுக்குச் சரி. இந்தத் தூசைத் தெருவுக்கும் பக்கத்து வீட்டு மாடிக்கும் அனுப்பும் வழி அது.

முதலில் காந்தம். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கிரிட்டைக் கிளறினால் கறுப்புத் துருச்செதிலும் இரும்புப் பொடியும் மீசை போல ஒட்டும். பையை உள்வெளியாகத் திருப்பினால் அத்தனையும் உதிர்ந்துவிடும். ஸ்பீக்கரில் வரும் சாதாரணக் காந்தமே போதும். நியோடைமியம் வைத்தால் கார்னெட்டும் கொஞ்சம் ஏறிவரும், ஏனென்றால் அல்மண்டைனுக்குள்ளேயே இரும்பு இருக்கிறது. சிவப்பு மணி காந்தத்தில் ஒட்டுகிறதே, இது போலியோ என்று பயப்பட வேண்டாம்.

அடுத்து 20 மெஷ். மேலே தங்குவது செதில், வெல்டிங் பொறி, நூல், உதிர்ந்த டேப். குப்பைக்கு. பிறகு 80 மெஷ். மேலே தங்குவதுதான் அடுத்த சுற்றுக்கான சரக்கு, கீழே விழுவது செத்த தூள். தங்கியதை எடைபோடுங்கள். 10 கிலோ போட்டு 8.2 கிலோ வந்தால் இழப்பு 18 சதவீதம், நல்ல கை. 7 கிலோ வந்தால் ரெகுலேட்டரில் காற்றழுத்தம் அதிகமா என்று பாருங்கள். குறைந்த எடையைப் புதுக் கிரிட்டால் நிரப்பிவிட வேண்டும். முழுக்கத் தேய்ந்தபின் மொத்தமாக மாற்றுவதைவிட இப்படிக் கலந்துகொண்டே போவது நல்லது. பெரிய மணி பெயர்த்துவிட்டதைச் சிறிய மணி துடைத்துவிடும், மேற்பரப்பு ஒரே சீராக வரும்.

கைப்பிடி கிரிட்டைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, சுத்தமான தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ஒரு நிமிடம் விடுங்கள். நல்ல கிரிட் கல் மாதிரி அடியில் உட்கார்ந்துவிடும், மேலே தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாக நிற்கும். பாலாகக் கலங்கியே நின்றால் இன்னொரு முறை சலிக்க வேண்டும். மேலே வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் எண்ணெய். அப்போது அரிசி அரிப்பதுபோல் அரித்துத்தான் ஆக வேண்டும். ஒரு பேசினில் 2 கிலோ, ஒரு சிட்டிகை சோப்புத்தூள், நிறையத் தண்ணீர். சுழற்றிவிட்டுக் கலங்கலைச் சாய்த்து ஊற்றுங்கள். கார்னெட் எடையானது, தண்ணீரோடு வராது. நாலைந்து முறையில் தெளிந்துவிடும். காந்தம் போடாமல் இந்த வேலையைத் தொடங்கினால், காய்வதற்குள் இரும்புப் பொடி துருப்பிடித்து மணிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

காயவைக்கத் தகரத்தின் மேல் ஒரு செ.மீ. கனத்துக்குப் பரப்பி, அரைநாள் வெயிலில் அவ்வப்போது கிளறிவிடுங்கள். காய்ந்ததா என்று கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கைப்பிடியை ஜாம் பாட்டிலில் போட்டு மூடி, வெயிலில் பத்து நிமிடம் வையுங்கள். மூடியின் உள்பக்கம் பனி பூத்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம்.

எப்போது விடுவது

நிறம் மங்கியது, இத்தனை சுற்று ஆகிவிட்டது என்பதெல்லாம் சரியான கணக்கு அல்ல. புது மூட்டை திறந்த அன்றே ஒரு துருப்பிடித்த தகட்டில் 10 செ.மீ. சதுரம் ஒன்றை அடித்து, வெள்ளிச் சாம்பல் நிறம் வர எத்தனை நொடி என்று குறித்துவையுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அதே தகட்டில், அதே அழுத்தத்தில் இன்னொரு சதுரம். நேரம் ஒன்றரை மடங்கானால் அந்தக் கிரிட்டை முக்கிய வேலையிலிருந்து எடுத்துவிட்டு, போல்ட், நட், கொண்டி போன்ற சில்லறைச் சாமான்களுக்கு ஒதுக்கலாம். மின்சாரச் செலவையும் நம் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் அதற்குமேல் அதை வைத்துக்கொள்வது கருமித்தனம்.

பழியைக் கிரிட்டின் மேல் போடும் முன் நாஸிலையும் அளந்து பாருங்கள். 5 மி.மீ. நாஸிலுக்குள் 6.5 மி.மீ. டிரில் பிட்டின் அடிப்பக்கம் நுழைந்தால் நாஸில் முடிந்தது. கிரிட் புதிதாக இருந்தாலும் வெட்டாது, காற்று விரிந்து பரவிப்போகும். நாஸிலை வேலைக்கு வேலை கால் திருப்பு சுற்றிவைத்தால் ஒரே பக்கம் தேயாது.

கன் விட்டு விட்டுத் துப்பினால் பெரும்பாலும் ஈரம், இல்லையென்றால் 20 மெஷ்ஷில் சலிக்காமல் விட்ட செதில். நாஸில் வாயை ஒரு ரப்பர் துண்டில் அழுத்தி ஒரு நொடி டிரிகரை இழுத்தால் காற்று பின்னோக்கிப் போய் அடைப்பைத் தள்ளிவிடும். இரண்டு முறை செய்தும் திரும்ப அடைத்தால் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

இரும்பு அடித்த கிரிட் எவ்வளவு நன்றாகச் சலித்ததானாலும் அலுமினியத்துக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் போகக்கூடாது. மணியோடு ஒட்டிய இரும்புத் துணுக்கு அங்கே பதிந்து, சில நாளில் புள்ளி புள்ளியாகத் துருவாகும். அதற்கென்று தனி வாளி வையுங்கள். வாளியின் மேல் மார்க்கரில் மெஷ், சுற்று எண், எடை, எந்த உலோகம் என்று எழுதிவிடுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும்.

அடித்து முடித்த ஸ்டாண்டை வெறும் கையால் தொடாமல், உலர்ந்த காற்றால் பூவேலைக்குள் தங்கிய தூசை ஊதிவிட்டு, நான்கு மணி நேரத்துக்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும். கடலோரத்தில் அந்த நேரமும் கிடைக்காது, பிரைமரைக் கலந்து வைத்துவிட்டே கன்னைக் கையில் எடுப்பது நல்லது. மரைக்குள் திருகிவைத்த பழைய போல்ட்டுகளை பிரைமர் காய்ந்த பிறகு கழற்றுங்கள்.